மெட்ரோவின் பாதுகாப்பை யார் கையில் கொடுப்பது?

2009 ஜூன் 22 மாலை. வாஷிங்டன் மெட்ரோவின் ரெட் லைனில், ஃபோர்ட் டாட்டன் நிலையத்துக்கு அருகே ஒரு ரயில் நின்றுகொண்டிருந்தது. பின்னால் வந்த ரயில் அதன் மேல் மோதி ஏறியது. ஓட்டுநரையும் சேர்த்து 9 பேர் இறந்தார்கள்.

அங்கே என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் மெல்லிய மின்சமிக்ஞை ஒன்றை ஓடவிடுவார்கள். அதற்கு ட்ராக் சர்க்யூட் என்று பெயர். ரயில் வந்து நின்றதும் அதன் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். சமிக்ஞை மறுமுனைக்குப் போய்ச் சேராது. சேரவில்லை என்றால் ‘இங்கே ரயில் இருக்கிறது’ என்று அர்த்தம். அன்றைக்கு அந்தத் துண்டின் கருவிகளுக்குள் எழுந்த ஒரு வேண்டாத மின் அலைவு, உண்மையான சமிக்ஞை போலவே மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு முழு ரயில் நிற்கும் இடம் காலி என்று பதிவானது. தானியங்கி முறையில் வந்துகொண்டிருந்த பின் ரயிலுக்கு, வேகமாகப் போகலாம் என்று கட்டளை போனது. ஓட்டுநர் கண்ணால் பார்த்த பிறகுதான் அவசர பிரேக் விழுந்தது. தூரம் போதவில்லை.

2005லேயே அதே மெட்ரோவில், ரோஸ்லின் அருகே, ட்ராக் சர்க்யூட் இப்படித் தவறியிருந்தது. நூலிழையில் மோதாமல் தப்பினார்கள். அதற்குப் பிறகு, இத்தகைய கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை முறையும் வகுக்கப்பட்டது. அது பராமரிப்பு ஊழியர்களின் அன்றாட வேலைக்குள் வரவில்லை என்று அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பிறகு கண்டறிந்தது.

மேற்பார்வைக்கு அமைப்பே இல்லையா என்றால், இருந்தது. மேரிலாந்து, வர்ஜீனியா, வாஷிங்டன் நகரமான கொலம்பியா மாவட்டம் மூன்றும் சேர்ந்து அமைத்த குழு. அது அறிக்கை கேட்கலாம், பரிந்துரை செய்யலாம். அபராதம் போட முடியாது, ரயிலை நிறுத்தச் சொல்ல முடியாது. ரயில் ஓடும் நேரத்தில் தண்டவாளப் பக்கம் இறங்கிப் பார்க்க அந்தக் குழுவின் ஆட்கள் அனுமதி கேட்டபோது மெட்ரோ நிர்வாகம் மறுத்துவிட்டது. 2009 நவம்பரில் அது பத்திரிகைச் செய்தியாகி அமளியான பிறகே அனுமதி கிடைத்தது.

இப்போது அதே மெட்ரோ, 2021 அக்டோபர் 12. ஆர்லிங்டன் செமட்ரி நிலையத்துக்கு அருகே 7000 வரிசை ரயில் ஒன்று தடம் புரண்டது. யாரும் இறக்கவில்லை. சக்கரங்கள் அச்சில் தம் இடத்தைவிட்டு வெளிப்பக்கமாக நகர்ந்திருந்தன. அதே ரயில் அன்றைக்கே அதற்கு முன்பும் தடம் புரண்டு, தானாகவே மறுபடி தண்டவாளத்தில் ஏறியிருந்தது. இந்தச் சக்கரக் கோளாறு 2017இலிருந்தே மெட்ரோவின் பரிசோதனைகளில் தலைகாட்டி வந்ததும் விசாரணையில் தெரியவந்தது. ஐந்தே நாளில், புதிய மேற்பார்வை அமைப்பான வாஷிங்டன் மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையம், அந்த வரிசையின் 748 பெட்டிகளையும் ஓட்டத்திலிருந்து எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது. மெட்ரோவிடம் இருந்த பெட்டிகளில் அது ஏறத்தாழ 60 சதவீதம். மறுநாள் ரெட் லைனைத் தவிர மற்றப் பாதைகளில் அரை மணிக்கு ஒரு ரயில்தான். ஊரே அவதிப்பட்டது. டிசம்பரில் பெட்டிகளைச் சிறிது சிறிதாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒப்புக்கொண்ட திட்டப்படி பரிசோதனை நடக்கவில்லை என்று ஆணையம் மறுபடியும் நிறுத்தியது.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த பெரிய மாற்றம் மேற்பார்வை செய்பவரின் கைக்கு வந்த அதிகாரம்தான். முதல் விபத்தில் அது இல்லை, இரண்டாவதில் இருந்தது. நகரப் பயணிகள் ரயிலுக்கு எப்படிப்பட்ட பாதுகாப்பு ஒழுங்குமுறை வேண்டும் என்று யோசிக்கும் எந்த அரசும் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பேன். மெட்ரோவோ டிராமோ புறநகர் ரயிலோ, புதிதாகத் தொடங்கும்போது இந்த முடிவை எடுத்தே ஆக வேண்டும். ஓட்டும் நிறுவனமே பார்த்துக்கொள்வதா, உள்ளூர் அரசு பார்ப்பதா, நாடு முழுமைக்கும் ஓர் ஆணையமா? அதை முடிவு செய்த பிறகும், விதியை எண்ணும் அளவுமாக எழுதுவதா, ஆபத்தை நீயே கணக்கிட்டுக் கொண்டுவா என்று நிறுவனத்திடம் கேட்பதா என்ற கேள்வி பாக்கி இருக்கும்.

ஓட்டுபவரே பார்த்துக்கொண்டால்

இந்த வழிக்கு ஒரு நியாயம் உண்டு. ஒரு சிக்னல் அறையில் எந்த ரிலே அடிக்கடி மக்கர் செய்யும், எந்த வளைவில் தண்டவாளம் சீக்கிரம் தேயும் என்பது அங்கேயே வேலை செய்பவர்களுக்குத்தான் தெரியும். வெளியிலிருந்து வரும் இன்ஸ்பெக்டருக்கு அந்த அளவு தெரிய வாய்ப்பில்லை. செலவும் குறைவு.

ஆனால் பழகிய கண்ணுக்கு ஆபத்து மறைந்துபோகும். லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் 1987 நவம்பர் 18 அன்று நடந்தது அதுதான். மரத்தாலான பழைய எஸ்கலேட்டர். படிகளுக்கு அடியில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்த கிரீஸ், காகிதத் துணுக்கு, நூல், முடி. யாரோ போட்ட எரியும் தீக்குச்சி ஒன்று ஓரத்து இடைவெளியில் விழுந்தது. மாலை 7.30 மணியளவில் தீ கண்ணில் பட்டபோது அது பெரிதாகத் தெரியவில்லை. எஸ்கலேட்டரின் 30 பாகைச் சரிவில், மரப்பக்கங்களுக்கு நடுவே, தீ எழும்பாமல் படிகளோடு படுத்துக்கொண்டு மேல்நோக்கி ஓடியது. கால் மணி நேரத்துக்குள் டிக்கெட் கூடத்துக்குள் சீறிப் பாய்ந்தது. 31 பேர் இறந்தார்கள்.

டெஸ்மண்ட் ஃபென்னல் நடத்திய விசாரணையில் என்னை உறுத்துவது தீயைவிட ஒரு சொல். லண்டன் சுரங்க ரயிலை ஓட்டிய நிறுவனத்துக்குள் எஸ்கலேட்டர் தீயைத் ‘தீ’ என்று சொல்வதில்லை, ‘புகைச்சல்’ என்றே சொல்லிவந்தார்கள். பழைய அமைப்பு, அப்படித்தான் அவ்வப்போது புகையும், அணைத்துக்கொள்ளலாம் என்ற மனநிலை. பெயரை மாற்றினால் ஆபத்தும் சின்னதாகிவிடும் போலத் தோன்றுகிறது. இதை உள்ளே இருப்பவர்களால் திருத்திக்கொள்ள முடியாது. அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல, தினமும் ஆயிரக்கணக்கான ரயில்களை நேரத்துக்கு ஓட்ட வேண்டிய அதே மனிதர்கள், இதையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருப்பதால்.

அந்த அறிக்கை அரசின் ரயில்வே இன்ஸ்பெக்டரேட்டையும் விடவில்லை. சட்டத்தில் தனக்கு உள்ள பொறுப்பைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல், சுரங்க ரயில் மேல் போதிய கவனம் வைக்காமல் இருந்தது என்று கண்டித்தது. ஆக, வெளியே ஓர் அலுவலகம் இருந்தாலும், அது நட்பாகத் தோளில் கை போட்டுக்கொண்டிருந்தால், ஓட்டுபவரே பார்த்துக்கொள்வதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த வழியை நான் இங்கேயே ஒதுக்கிவிடுகிறேன். உள்ளே ஒரு வலுவான பாதுகாப்புப் பிரிவு கட்டாயம் வேண்டும். அது மட்டும் போதாது.

உள்ளூர் அரசிடம் கொடுத்தால்

அமெரிக்கா பல ஆண்டுகள் பின்பற்றியது இந்த வழி. பொதுப்போக்குவரத்துக்கு நிதி கொடுக்கும் மத்திய அமைப்பான எஃப்.டி.ஏ., பாதுகாப்பு விதிகள் போடக் கூடாது என்றே சட்டம் தடுத்து வைத்திருந்தது. 1991இல் வந்த சட்டம் அந்தப் பொறுப்பை மாநிலங்களிடம் ஒப்படைத்தது. சில மாநிலங்கள் ஒன்றிரண்டு ஊழியர்களை வைத்து ஒப்பேற்றின. மேற்பார்வை செலவுக்கான பணமே மேற்பார்வைக்கு உட்பட்ட நிறுவனத்திடமிருந்து வந்த இடங்களும் இருந்தன. சம்பளம் கொடுப்பவரைப் பார்த்து ‘நாளைக்கு ரயிலை நிறுத்து’ என்று யார் சொல்வார்கள்?

ஃபோர்ட் டாட்டனுக்குப் பிறகு 2012இல் சட்டம் மாறியது. எஃப்.டி.ஏ.வுக்குப் பாதுகாப்பு அதிகாரம் கிடைத்தது. மாநில அமைப்புகள் சட்டத்திலும் பணத்திலும் ரயில் நிறுவனத்தைச் சாராமல் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வந்தது. அப்படியும் உடனே எல்லாம் சீராகிவிடவில்லை. 2015 ஜனவரியில் வாஷிங்டனில் லான்ஃபாண்ட் பிளாசா அருகே சுரங்கத்துக்குள் புகை சூழ்ந்து ஒரு பயணி இறந்த பிறகு, அந்த ஆண்டு அக்டோபரில் எஃப்.டி.ஏ. நேரடியாக உள்ளே இறங்கியது. 2019 மார்ச்சில்தான் நான் முதலில் சொன்ன ஆணையத்திடம் பொறுப்பைக் கைமாற்றியது. 2022இல் பாஸ்டனிலும் இதே கதை: மெட்ரோவின் கதவில் சிக்கி இழுத்துச் செல்லப்பட்டு ஒருவர் இறந்தார், எஃப்.டி.ஏ. வந்து ஆராய்ந்தது, மாநிலத்தின் மேற்பார்வைத் துறையிடமும் குறைகளைச் சுட்டிக்காட்டியது.

இதைப் பார்த்து, உள்ளூர் மேற்பார்வையே தப்பு என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் ஜெர்மனியிலும் மேற்பார்வை மாநிலங்களிடம்தான் இருக்கிறது, அங்கே கட்டுமானம் வேறு மாதிரி. விதி நாடு முழுவதற்கும் ஒன்று: போஸ்ட்ராப் எனப்படும் 1987ஆம் ஆண்டு டிராம், மெட்ரோ விதித்தொகுப்பு. அதை அமல்படுத்துவது அந்தந்த மாநிலத்தின் தொழில்நுட்ப மேற்பார்வை அலுவலகம். வண்டி, தண்டவாளம், சிக்னல் எது புதிதாக வந்தாலும் அதன் ஒப்புதல் வேண்டும்.

அந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. ஒவ்வொரு நிறுவனமும் ஓர் ஓட்டப் பொறுப்பாளரை நியமிக்க வேண்டும், ஜெர்மனில் பெட்ரீப்ஸ்லைட்டர். நிறுவனம் நியமித்தால் போதாது, மேற்பார்வை அலுவலகம் அவருடைய தகுதியைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். பாதுகாப்பான ஓட்டத்துக்கு அவரே பொறுப்பு. பத்துக் கமிட்டி, இருபது கையெழுத்து என்று பொறுப்பு கரைந்துபோகாமல், ஒரு மனிதரின் பெயரில் நிற்கிறது. எதையாவது நிறுத்த வேண்டும் என்றால் யாரிடம் பேசுவது என்ற குழப்பமே வராது. வேறு எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஓர் ஏற்பாட்டை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஜெர்மனியிலும் விபத்து நடக்காமல் இல்லை. 1999 ஏப்ரல் 12 அன்று வுப்பர்டாலின் தொங்கு ரயிலில், இரவு வேலை முடித்தவர்கள் ஓர் இரும்புப் பிடியைப் பாதையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். விடிந்ததும் வந்த ரயில் அதில் மோதி ஆற்றுக்குள் விழுந்தது. 5 பேர் இறந்தார்கள். இரவு வேலைக்கும் முதல் ரயிலுக்கும் இடையில் இருக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் எந்த மெட்ரோவிலும் மிகவும் ஆபத்தானவை. அதை எந்த அலுவலகமும் தலைநகரத்தில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொள்ள முடியாது.

நாடு முழுமைக்கும் ஓர் ஆணையம்

மத்திய ஆணையத்தின் பெரிய பலம் ஒன்று உண்டு: ஓர் ஊரில் கற்ற பாடம் எல்லா ஊருக்கும் போய்ச் சேரும். தென்கொரியாவின் டேகு நகரில் 2003 பிப்ரவரி 18 அன்று ஒருவர் ரயிலுக்குள் தீ வைத்தார். இருக்கையும் தரையும் மளமளவென்று பற்றி எரியும் பொருளால் ஆனவை. தீப்பற்றிய ரயிலுக்குப் பக்கத்தில், எதிர்த் திசையிலிருந்து வந்த இன்னொரு ரயில் நின்றது. மின்சாரம் போய்விட்டது. அதன் ஓட்டுநர் மாஸ்டர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியேறியதில் கதவுகள் மூடிக்கொண்டன. இறந்த 192 பேரில் பெரும்பாலோர் அந்த இரண்டாவது ரயிலில் இருந்தவர்கள். அடுத்த ஆண்டே அங்கு ரயில் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. எல்லா நகரங்களின் மெட்ரோ பெட்டிகளிலும் இருக்கை முதல் தரைவிரிப்பு வரை தீப்பிடிக்காத பொருளாக மாற்றும் வேலை நடந்தது. டேகு மட்டும் தன் பெட்டிகளை மாற்றிக்கொண்டு மற்ற ஊர்கள் சும்மா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிரிட்டனில் ஓ.ஆர்.ஆர். என்ற ஒரே அமைப்பு 2006இலிருந்து நெடுந்தூர ரயில், லண்டன் சுரங்க ரயில், டிராம் எல்லாவற்றின் பாதுகாப்பையும் பார்க்கிறது. அதற்கு வழக்குத் தொடுக்கும் அதிகாரமும், ஒரு வேலையை அந்த இடத்திலேயே நிறுத்தும் அதிகாரமும் உண்டு.

இந்தியாவின் ஏற்பாடு கொஞ்சம் வித்தியாசமானது. ரயில்வே பாதுகாப்பு ஆணையம் 1941இலேயே ரயில்வே வாரியத்தின் கட்டுப்பாட்டிலிருந்து பிரிக்கப்பட்டது. இப்போது விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. ஓட்டுபவரும் மேற்பார்வையாளரும் ஒரே அமைச்சரிடம் பதில் சொல்லக் கூடாது என்ற எண்ணம் அருமையானது. 2002ஆம் ஆண்டின் மெட்ரோ சட்டப்படி, மெட்ரோ பாதுகாப்பு ஆணையர் நேரில் வந்து பார்த்து ஒப்புதல் தராமல் எந்தப் புதிய பாதையிலும் பயணிகளை ஏற்ற முடியாது. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்த பிறகும் ஆணையரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த வாசலை அழுத்தமாகவே காக்கிறார்கள்.

என் கவலை வாசலைத் தாண்டிய பிறகு. ஒரு மெட்ரோ திறந்த நாளில்தான் அதன் வாழ்நாளிலேயே நல்ல நிலையில் இருக்கும். பத்தாம் ஆண்டில் சக்கரம் தேய்ந்திருக்கும், கேபிள் உறை வெடித்திருக்கும், பழைய ஆட்கள் ஓய்வு பெற்றிருப்பார்கள். மேற்பார்வை அதிகமாகத் தேவைப்படுவது அப்போதுதான். இன்னொன்று: அதே சட்டத்தில், பாதைக்கு ஒப்புதல் தருபவரும் விபத்து நடந்தால் விசாரிப்பவரும் ஒரே ஆணையர். தான் கையெழுத்துப் போட்ட பாதையில் விபத்து நடந்தால், அவர் தன் கையெழுத்தையும் சேர்த்தே விசாரிக்க வேண்டியிருக்கும். எவ்வளவு நேர்மையான மனிதராக இருந்தாலும் அவரை அந்த நிலையில் வைக்கக் கூடாது. ரயில்வே பாதுகாப்புக்குச் சட்டபூர்வமான தனி அதிகார அமைப்பு வேண்டும் என்று 2012இல் அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையிலான குழு பரிந்துரைத்ததையும் இந்த இடத்தில் நினைவில் கொள்ள வேண்டும்.

விதியை எப்படி எழுதுவது

சரி, யார் என்பதை ஒருவாறு பார்த்தாயிற்று. எப்படி என்பதில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, ‘இத்தனை மீட்டருக்குக் குறைந்த வளைவில் இதைப் பொருத்து’ என்று எண்ணாக எழுதச் சொல்லும். இன்னொரு கட்சி, ‘உன் அமைப்பில் என்னென்ன ஆபத்து, ஒவ்வொன்றையும் எப்படிக் குறைப்பாய், நியாயமாகச் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்துவிட்டாயா என்று நிரூபி’ என்று கேட்கும். பிரிட்டன் இரண்டாவது கட்சி.

முதல் கட்சிக்கு ஆதரவாக நான் காட்டும் இடம் டோக்கியோ. 2000 மார்ச் 8 காலை, ஹிபியா லைனில் நகா-மெகுரோ நிலையத்துக்கு அருகே, ஒரு ரயிலின் கடைசிப் பெட்டியின் சக்கர விளிம்பு மெதுவாகத் தண்டவாளத்தின் மேல் ஏறியது. பெட்டி தடம் புரண்டு எதிர்ப் பாதையில் வந்த ரயிலோடு உரசிக் கிழித்தது. 5 பேர் இறந்தார்கள். இப்படிச் சக்கரம் ஏறாமல் தடுக்கத் தண்டவாளத்துக்குள் பக்கமாக ஒரு காவல் தண்டவாளம் போடலாம். அந்த நிறுவனத்தின் சொந்த விதி, 140 மீட்டரோ அதற்குக் குறைவான ஆரமோ உள்ள வளைவில் போட்டால் போதும் என்றது. விபத்து நடந்த வளைவின் ஆரம் சுமார் 160 மீட்டர். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஓர் எண் வைத்திருந்தது. நாடு முழுமைக்கும் ஒன்று இல்லை. விபத்துக்குப் பிறகு 200 மீட்டர் என்று பொதுவாக வகுத்தார்கள். இப்படி ஓர் எண் எழுதியிருந்தால் யாரும் டேப் எடுத்துப் போய்ச் சரிபார்த்துவிடலாம், வாதாட இடமில்லை.

இரண்டாவது கட்சியின் பலவீனம் தெற்கு லண்டனின் குராய்டனில் தெரிந்தது. 2016 நவம்பர் 9 விடியுமுன், மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போக வேண்டிய சாண்டிலாண்ட்ஸ் வளைவில் ஒரு டிராம் 73 கி.மீ. வேகத்தில் வந்து கவிழ்ந்தது. 7 பேர் இறந்தார்கள். பார்த்து ஓட்டும் வண்டி, ஓட்டுநர் பார்த்துக்கொள்வார் என்பதே அங்கு இருந்த நினைப்பு. அவர் கவனம் தவறினால் வண்டியை நிறுத்த எந்தக் கருவியும் இல்லை. இத்தகைய கவிழ்வின் ஆபத்தை டிராம் துறை முழுதாக உணரவில்லை என்று ரயில் விபத்துப் புலனாய்வுப் பிரிவு சொன்னது. ஆபத்தை நீயே கணக்கிடு என்று விட்டால், நினைத்தே பார்க்காத ஆபத்து கணக்கில் வராது.

அதற்காக எண்ணை மட்டும் நம்பிவிடவும் முடியாது. ட்ராக் சர்க்யூட்டுக்குள் எழும் வேண்டாத அலைவுக்கு எவரும் முன்கூட்டியே விதி எழுதியிருக்க மாட்டார்கள். ஓட்டுநர் இல்லாத ரயிலும் மென்பொருள் சிக்னலும் வந்துவிட்ட நிலையில், புதிய ஆபத்துக்கு எண் எழுதி முடிக்குமுன் அடுத்தது வந்துவிடும். ஆகவே என் முடிவு இது: வளைவு ஆரம், தீப்பிடிக்காத பொருள், சக்கர இடைவெளி, வெளியேறும் வழி போல ஏற்கெனவே உயிர் கொடுத்துக் கற்றுக்கொண்ட எல்லாம் எண்ணாக இருக்கட்டும். அதற்கு மேலே புதிதாக வருவதற்கெல்லாம் ஆபத்துக் கணக்கும் நிரூபணமும் கேட்கலாம்.

அப்புறம், தண்டனை

குராய்டனில் அதே வளைவில் சில நாள் முன்பு இன்னொரு டிராம் அளவுக்கு மீறிய வேகத்தில் போய்ச் சாயப் பார்த்திருந்தது. தங்கள் தவறைச் சொன்னால் நிர்வாகம் எப்படி நடத்துமோ என்று சில ஓட்டுநர்கள் தயங்கினார்கள் என்று விசாரணை பதிவு செய்தது. ஜப்பானில் 2005 ஏப்ரல் 25 அன்று அமகசாகியில் 107 பேர் இறந்த விபத்திலும் இந்தப் பயம் பேசப்பட்டது. ஓட்டுநர் முந்தைய நிலையத்தில் பிளாட்பாரத்தைத் தாண்டி நிறுத்தியதில் ஒரு நிமிடத்துக்கு மேல் தாமதம். 70 கி.மீ. வளைவில் 116 கி.மீ. வேகத்தில் போனார். தவறு செய்த ஓட்டுநர்களை நாள்கணக்கில் உட்கார வைத்து வருத்தக் கடிதம் எழுத வைக்கும் ‘மறுபயிற்சி’ அந்த நிறுவனத்தில் நடைமுறையில் இருந்தது.

இதனால்தான் தாமதத்துக்குப் பெரிய அபராதம் போடும் ஏற்பாடுகளை நான் எச்சரிக்கையோடு பார்க்கிறேன். ஹாங்காங்கில் நிறுவனத்தின் தவறால் 31 நிமிடமோ அதற்கு மேலோ சேவை தடைபட்டால் அபராதம் உண்டு. பயணிகளுக்கு அது நியாயமாகத் தோன்றும். ஆனால் சுரங்கத்துக்குள் கோளாறைத் தேடிக்கொண்டிருக்கும் டெக்னீஷியனுக்கு இருபத்தைந்தாவது நிமிடத்தில் மேலதிகாரியிடமிருந்து வரும் போன் எப்படி ஒலிக்கும்? தாமதக் கணக்கைப் பார்க்கும் அலுவலகமும் பாதுகாப்பைப் பார்க்கும் அலுவலகமும் ஒன்றாக இருக்கவே கூடாது.

அபராதத்தை நிறுவனத்தின் மேல் போடலாம், தவறை மறைத்தால் கடுமையாகவே போடலாம். தானாக வந்து சொன்ன ஊழியருக்குப் பாதுகாப்பு வேண்டும். விசாரிப்பவர் தனி ஆளாக இருக்க வேண்டும். பிரிட்டனில் 1999இல் லண்டனின் லாட்புரோக் குரோவில் நடந்த ரயில் விபத்துக்குப் பிறகு, குல்லன் பிரபுவின் விசாரணை சொன்னபடி 2005இல் அமைத்த புலனாய்வுப் பிரிவு மாதிரி. அது யாரையும் தண்டிக்காது, காரணத்தை மட்டும் கண்டுபிடிக்கும். அவசியம் வந்தால் மேற்பார்வை ஆணையத்தையே குறை சொல்லும்.

நான் தேர்ந்தெடுப்பது

சட்டமும் விதியும் நாடு முழுமைக்கும் ஒன்று. அமல்படுத்தும் ஆணையமும் மத்தியில். ஆனால் அதன் இன்ஸ்பெக்டர்கள் மெட்ரோ உள்ள ஒவ்வொரு ஊரிலும் குடியிருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு, முன்னறிவிப்பு இல்லாமல், பணிமனைக்குள் நுழையும் உரிமை அவர்களுக்குச் சட்டத்திலேயே இருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களை ஊர் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கிங்ஸ் கிராஸில் பார்த்த தோழமை வந்துவிடும். ஒவ்வொரு நிறுவனத்திலும் ஜெர்மனி பாணியில் பெயர் சொல்லக்கூடிய ஒரு பொறுப்பாளர். ஆணையத்தின் பணம் நிறுவனத்தின் கைவழியே வரக் கூடாது. தொழிலிடம் கட்டணம் வாங்கலாம், தொகையைச் சட்டம் முடிவு செய்யட்டும், நிறுவனம் பேரம் பேச முடியக் கூடாது.

ஒரே ஒரு மெட்ரோ உள்ள சின்ன நாட்டுக்கு இது அதிகம் என்று தோன்றலாம். அவர்களுக்கு என் யோசனை: ஆட்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், வெளிநாட்டு வல்லுநர்களை வரவழைத்துக்கொள்ளுங்கள், அதிகாரத்தை மட்டும் குறைக்காதீர்கள். நான்கு பேர் உள்ள ஆணையத்துக்கும் ரயிலை நிறுத்தும் உத்தரவு போட ஒரு கையெழுத்துப் போதும். மசோதா கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது அந்தப் பிரிவைத்தான். ‘பரிந்துரைக்கலாம்’, ‘ஆலோசனை கூறலாம்’ என்று மட்டும் இருந்தால், அது 2009இன் வாஷிங்டன்.

காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆணையத்தை ரயில் ஓடத் தொடங்கும் ஆண்டில் அமைப்பது பெரிய பிழை; சிக்னல் ஒப்பந்தமும் கட்டுமான ஒப்பந்தமும் கையெழுத்தாகும் முன்பே அது இருக்க வேண்டும். மெக்சிகோ நகர மெட்ரோவின் 12ஆம் பாதை 2012இல் திறக்கப்பட்டது. 2021 மே 3 இரவு அதன் மேம்பாலத்தின் ஒரு பகுதி ரயிலோடு சரிந்து 26 பேர் இறந்தார்கள். இரும்பு உத்தரத்தையும் அதன் மேலுள்ள கான்கிரீட் தளத்தையும் ஒன்றாகப் பிணைத்து வைப்பவை விரல்நீளச் சின்ன இரும்பு முளைகள். உத்தரத்தின் மேல் வரிசையாக அவற்றைப் பற்றவைத்துவிட்டுத்தான் கான்கிரீட் ஊற்றுவார்கள். சரிந்த இடத்தை ஆராய்ந்தபோது சில முளைகள் இல்லை, சில சரியாகப் பற்றவைக்கப்படவில்லை. கான்கிரீட் ஊற்றிய மறுநாளிலிருந்து எந்த இன்ஸ்பெக்டரின் டார்ச் வெளிச்சமும் அந்த முளைகளை எட்டாது. ஊற்றுவதற்கு முந்தைய நாள், பாலத்தின் மேல் ஏறி அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கவும், எண்ணிக்கை சரியில்லை என்றால் கலவை லாரியைத் திருப்பி அனுப்பவும் உரிமையுள்ள ஒருவர் அங்கே நின்றிருக்க வேண்டும்.